சூத்திரத்துக்கு முன் காரணி: கடலூர், சிதம்பரம் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு,



2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளின் தலைமேலிருந்து ஒரு சுமை இறங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பல பள்ளிகளில் ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்து, இரண்டு ஆண்டும் அதையே உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிடுவது என்று முடிவெடுத்தால் முதலில் அடிபடுவது முதல் தொகுதியின் ஆறாவது பாடம், அதிலும் இரட்டை நேர்க்கோடுகள். தள்ளாமல் எடுத்தாலும், ‘சூத்திரத்தைப் போடு, மதிப்பைக் கண்டுபிடி’ என்று அரை பீரியடில் முடிந்துவிடுகிறது. அந்த அரை பீரியடைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாறிகள். பாஸ்கராச்சாரியார் தெரியாத எண்களை யா, கா என்று சுருக்கி எழுதினார். அவர் வழியில் நானும் ய, க என்றே எழுதுகிறேன். நம் பாடநூலில் வரும் எக்ஸும் ஒய்யும் இவைதான். தெரியாத கெழுவுக்கு த என்று பெயர்.

2ய² + 7ய·க + 3க² + தய − 13க − 10

இது இரண்டு ஒருபடிக் காரணிகளாகப் பிரிய வேண்டும் என்றால் த எவ்வளவு? அதாவது, இந்தக் கோவை பூச்சியத்துக்குச் சமம் என்று எழுதினால் இரண்டு நேர்க்கோடுகள் கிடைக்க வேண்டும்.

வகுப்பறையில் வழக்கமாக நடப்பது இது. ‘ஏ-பி-சி பிளஸ் டூ-எஃப்-ஜி-ஹெச்’ என்று ஆசிரியர் தொடங்க, மீதி மூன்று உறுப்புகளை வகுப்பே கோரஸாகச் சொல்லும். ஏழில் பாதி, பதிமூன்றில் பாதி, த-வில் பாதி என்று எல்லாவற்றையும் அரைக்க வேண்டும். எங்காவது ஒரு கழித்தல் குறி தவறும். தவறாமல் வந்தால் 3த² + 91த + 88 = 0 என்று ஒரு சமன்பாடு கிடைக்கும். அதைத் தீர்த்த பிறகு, அந்த மதிப்பைப் பழைய கோவையில் போட்டு, அதற்கு அப்புறம்தான் காரணிப்படுத்தல். பாதி மாணவர்கள் அங்கே வந்து சேர்வதே இல்லை.

இதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் காரணிப்படுத்துங்கள்; த தானாக வந்து விழும்.

இரண்டாம்படி உறுப்புகளை மட்டும் பாருங்கள். 2ய² + 7ய·க + 3க². ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே இதை (2ய + க)(ய + 3க) என்று பிரித்துவிடும். ஆகவே முழுக் கோவையின் காரணிகள் (2ய + க + ப), (ய + 3க + ர) என்ற வடிவில்தான் இருக்க முடியும். பாக்கியிருப்பது ப, ர என்ற இரண்டு எண்கள். இப்போது ய-வின் இடத்தில் பூச்சியம் போடுங்கள். தெரியாத த அதோடு மறைந்துபோகிறது. மிஞ்சுவது 3க² − 13க − 10. இது (க − 5)(3க + 2). க − 5 என்பதை 2ய + க-வோடு சேருங்கள், 3க + 2 என்பதை ய + 3க-வோடு சேருங்கள்:

(2ய + க − 5)(ய + 3க + 2)

ய-வின் கெழு என்ன? 2 × 2 = 4, அதிலிருந்து 5 போக, −1. த = −1. கோவையும் பிரிந்துவிட்டது, கெழுவும் கிடைத்துவிட்டது. பாதி எண்கள் இல்லை, ஐந்து உறுப்புச் சூத்திரமும் இல்லை.

இதை ஒருமுறை வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, கிள்ளையிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், 3க + 2-ஐ ஏன் அந்தப் பக்கம் சேர்க்கக் கூடாது?” நல்ல கேள்விகள் இப்படித்தான், பின் பெஞ்சிலிருந்து, தயக்கத்தோடு வரும். சேர்க்கலாம். (க − 5)(3க + 2) என்பதை (க + 2/3)(3க − 15) என்றும் எழுதலாம் அல்லவா? அப்படிச் சேர்த்தால் (2ய + க + 2/3)(ய + 3க − 15). க-வின் கெழு: 3-ஐ 2/3-ஆல் பெருக்கினால் 2, அதிலிருந்து 15 போனால் −13. சரி. மாறிலி: 2/3-ஐ −15-ஆல் பெருக்கினால் −10. அதுவும் சரி. ய-வின் கெழு −30-உம் 2/3-உம் சேர்ந்து −88/3. ஆக, த-வுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு.

சூத்திரம் போட்ட பிள்ளைக்கும் இந்த இரண்டு மதிப்புகளும் கிடைக்கும். 3த² + 91த + 88 என்பது (த + 1)(3த + 88) தானே. ஆனால் −88/3 ஏன் வந்தது, அதற்கு என்ன பொருள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ‘பின்னம் வந்தால் தப்பாகத்தான் இருக்கும்’ என்று அடித்துவிட்டு −1-ஐ மட்டும் எழுதிய விடைத்தாள்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். காரணி வழியில் வந்த பிள்ளை அதை அடிக்காது. படம் வரைந்து காட்டினால் இன்னும் தெளிவாகும். இரண்டு கோடுகளின் சாய்வுகள் −2, −1/3 என்று முன்பே முடிவாகிவிட்டன. க-அச்சில் அவை 5 என்ற இடத்திலும் −2/3 என்ற இடத்திலும் வெட்ட வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. எந்தக் கோடு எந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்பது மட்டும்தான் பாக்கி. அதற்கு இரண்டே வழிகள். அதனால் இரண்டு விடைகள்.

இதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் செய்து பாருங்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில் எனக்கு அதிகம் பிடித்த பீரியட் இதுதான். மேலே கிடைத்த கோவையை முழுதாக எழுதுங்கள்:

2ய² + 7ய·க + 3க² − ய − 13க − 10

ஆறு எண்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் அழித்துவிட்டு, அது என்னவாக இருந்திருக்கலாம் என்று கேளுங்கள். வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மாறிலியை அழித்த குழு சுலபமாக வந்துவிடும். ப + 2ர = −1, 3ப + ர = −13 என்ற இரண்டு சமன்பாடுகள்; ப = −5, ர = 2; மாறிலி −10. ஒரே விடை. க²-இன் கெழுவை அழித்தவர்கள் க-வின் இடத்தில் பூச்சியம் போட்டு 2ய² − ய − 10 = (2ய − 5)(ய + 2) என்று தொடங்குவார்கள்; அவர்களுக்கும் 3 என்ற ஒரே விடைதான். ய² குழுவுக்கும் ஒன்றே. ஆனால் க-வின் கெழுவை அழித்த குழு −13-ஓடு 19/2 என்ற இன்னொரு விடையையும் கொண்டுவரும். ய·க-வின் கெழுவை அழித்தவர்களுக்கு 7-உம் கிடைக்கும், −83/10-உம் கிடைக்கும். ய-வின் கெழுவுக்கு இரண்டு விடை என்பதை ஏற்கெனவே பார்த்தோம்.

மூன்று இடங்களில் ஒரு விடை, மூன்று இடங்களில் இரண்டு. வர்க்க உறுப்புகளிலும் மாறிலியிலும் ஒன்று. ய·க, ய, க ஆகியவற்றில் இரண்டு. ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது அந்த ஐந்து உறுப்பு நிபந்தனையை மூன்றுக்கு மூன்று அணிக்கோவையாக எழுதிக் காட்டுங்கள். முதன்மை மூலைவிட்டத்தில் நிற்பவை 2, 3, −10. மற்றவை மூலைவிட்டத்துக்கு இருபுறமும் சமச்சீராக, ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகின்றன. மூலைவிட்டத்தில் இருப்பது தெரியாவிட்டால் அணிக்கோவையை விரிக்கும்போது ஒருபடிச் சமன்பாடு வரும். வெளியே இருப்பது தெரியாவிட்டால் இருபடிச் சமன்பாடு வரும். இரு விடைகளும் ஒன்றாகிவிடுவது, வர்க்கக் கெழுவே பூச்சியமாகிவிடுவது போன்ற விதிவிலக்குகளைத் தவிர்த்தால் இது எப்போதும் நடக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்த சூத்திரத்துக்கு இப்படி ஒரு உடற்கூறு இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கும் பீரியட் அது. இதற்குப் பிறகு சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள்.

சூத்திரம் கைவிடும் இடம் ஒன்றும் உண்டு. ய² + 2ய·க + க² + த என்ற கோவை மெய்யான இரண்டு கோடுகளைக் குறிக்க த என்னவாக இருக்க வேண்டும்? சூத்திரத்தில் போடுங்கள். த − த = 0 என்று வரும். த-வுக்கு எந்த மதிப்பு கொடுத்தாலும் நிபந்தனை நிறைவேறுகிறது. அப்படியென்றால் த = 1 என்றாலும் கோடுகள் இருக்க வேண்டுமே? (ய + க)² + 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு மெய்யெண்களில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. காரணிப்படுத்தத் தொடங்கிய பிள்ளை (ய + க)² = −த என்று எழுதிய அடுத்த நொடியே, த பூச்சியத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிடும். சூத்திரத்தை மட்டும் நம்பிய பிள்ளை ‘எல்லா மதிப்பும் சரி’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். எல்லாக் கோவையின் இரண்டாம்படிப் பகுதியும் இப்படி அழகாகப் பிரியாது. ய² + ய·க − க² என்று வந்தால் வர்க்கமூலம் ஐந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்; அங்கே சூத்திரம்தான் கைகொடுக்கும். சூத்திரத்தை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இரண்டாவதாக வரட்டும், விடையைச் சரிபார்க்க வரட்டும், பிரிக்க முடியாத இடத்தில் வரட்டும். ‘விடைக்குறிப்பில் சூத்திரத்துக்கு ஒரு மார்க் இருக்கிறதே’ என்பீர்கள். பொதுத்தேர்வு இல்லாத இந்த வகுப்பில் விடைக்குறிப்பை எழுதுவது நீங்கள்தானே.

இடையே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாறியைப் பூச்சியமாக்கி, மற்றதை வைத்துப் பிரித்து, பிறகு சேர்த்துக்கொள்ளும் இந்த உத்தியை ‘வேதக் கணிதம்’ என்ற பெயரில் ஸ்பெஷல் கிளாஸ் நடத்திக் காசு வாங்குகிறார்கள். திருநெல்வேலியில் பிறந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1965இல் வெளிவந்த நூலில் ‘லோபன ஸ்தாபனம்’ என்று இது வருகிறது. அந்நூலின் சூத்திரங்கள் வேதத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவதைக் கணித வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. இது சாதாரண இயற்கணிதம். பிள்ளைகள் இதைக் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் கற்கட்டும்.

உண்மையான பழைய சொத்து ஒன்று வேண்டுமென்றால் பாஸ்கராச்சாரியாரிடம் போகலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய பீஜகணிதத்தில் ‘பாவிதம்’ என்று ஒரு பகுதி. தெரியாத இரண்டு எண்களின் பெருக்கல் வரும் கணக்குகள் அதில் இருக்கின்றன. அதில் ஒன்று: இரண்டு எண்களில் முதலாவதன் நான்கு மடங்கு, இரண்டாவதன் மூன்று மடங்கு, அதோடு 2 ஆகியவற்றைக் கூட்டினால் அவ்விரு எண்களின் பெருக்கல் கிடைக்கும். எண்கள் எவை? நம் எழுத்தில்:

ய·க − 4ய − 3க = 2

இடப்பக்கம் அப்படியே பிரியாது. ஒரு மாறிலியைச் சேர்த்தால் பிரியும். எந்த மாறிலி? நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே கேள்விதான். 12-ஐச் சேர்த்தால் மட்டுமே (ய − 3)(க − 4) என்று பிரியும். வேறு எந்த எண்ணும் உதவாது. இருபுறமும் 12 சேர்த்தால் (ய − 3)(க − 4) = 14. பதினான்கை இரண்டு நேர் முழு எண்களின் பெருக்கலாக எழுதினால் போதும். (4, 18), (5, 11), (10, 6), (17, 5) என்று நான்கு ஜோடிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பாஸ்கரர் இதற்கு ஒரு செவ்வகம் வரைந்து விளக்குகிறார்: ய நீளம், க அகலம், அதில் நான்கு அகலத்துக்கு ஒரு பட்டையும் மூன்று நீளத்துக்கு ஒரு பட்டையும் எடுத்துவிட்டால் மூலையில் 12 இருமுறை கழிபடுகிறது, அதைத் திருப்பித் தர வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் பிள்ளைகள் இதை வரைந்துவிடுவார்கள்.

காரணிப்படுத்தலின் பலம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு தெரியாத எண்கள், ஒரே ஒரு சமன்பாடு. முடிவே இல்லாமல் தேட வேண்டிய இடத்தில், பதினான்கின் வகுத்திகளை எண்ணினால் போதும் என்றாகிவிடுகிறது.

இது நம் ஊருக்கு அந்நியமான கணிதமும் அல்ல. தென்காசிப் பக்கத்து வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ். சிவசங்கரநாராயண பிள்ளை, 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருடைய முக்கியமான ஆராய்ச்சி எல்லாம் அண்ணாமலை நகரில் நடந்தது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த அவரை, ஓர் ஆசிரியர் தன் பணத்தைக் கொடுத்துப் படிக்க வைத்தார் என்பதை ஆசிரியர்களாகிய நமக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

ஓர் எண்ணின் அடுக்குக்கும் இன்னோர் எண்ணின் அடுக்குக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்ற கேள்வியில் பிள்ளை 1931இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கேள்வியின் வாசலைப் பிளஸ் ஒன் பிள்ளைக்கே திறந்துவிடலாம். 3-இன் ஓர் அடுக்கிலிருந்து 2-இன் ஓர் அடுக்கைக் கழித்தால் 1 வர வேண்டும். 3 − 2 = 1. 9 − 8 = 1. வேறு உண்டா? 2-இன் அடுக்கு 4 அல்லது அதற்கு மேல் என்றால், 3-இன் அடுக்கை 4-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். அதற்கு 3-இன் படி இரட்டையாக இருக்க வேண்டும். அப்படியானால் அது ஒரு வர்க்கம். வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் இரண்டு காரணிகளாகப் பிரியும். அவற்றின் வேறுபாடு 2. பெருக்கல் 2-இன் அடுக்கு என்பதால் அவை இரண்டும் 2-இன் அடுக்குகள். இரண்டு வேறுபாட்டில் நிற்கும் 2-இன் அடுக்குகள் 2-உம் 4-உம் மட்டுமே. ஆகவே 9 − 8-க்கு மேல் வேறொன்றும் இல்லை. முழு நிரூபணமும் ஒரு காரணிப்படுத்தலில் முடிந்துவிட்டது.

இப்படிப் பிரியாத இடங்களில்தான் பிள்ளை நின்று போராடினார். ஒன்றுக்கு மேற்பட்ட படியுள்ள அடுக்குகளின் வேறுபாடாக ஒவ்வொரு எண்ணும் எண்ணி முடிக்கக்கூடிய தடவைகளே வரும் என்பது அவர் பெயரில் இன்றும் நிற்கும் யூகம். வேறுபாடு 1 என்பதற்கு மட்டும் 2002இல் பிரேதா மிகைலெஸ்கு நிரூபணம் கண்டார். மற்றவை இன்னும் திறந்தே கிடக்கின்றன. எந்த நேர் முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூடுதலாக எழுதிவிடலாம் என்று 1940இல் அவர் நிறுவியதும் அண்ணாமலை நகரில் இருந்தபோதுதான். 73-க்குக் குறைவாக ஏன் முடியாது என்பதைப் பிள்ளைகளே சரிபார்க்கலாம்: 703-ஐ எடுக்கச் சொல்லுங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729, அது பெரிது. ஆக 64-உம் 1-உம்தான் கையில். பத்து 64-கள், அறுபத்து மூன்று 1-கள், மொத்தம் 73. 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்தார். சிதம்பரத்தில் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும்?

அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வடிவியலாளர் ஏ. நரசிங்க ராவ்தான் 1933இல் தொடங்கிய ‘மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்’ இதழின் முதல் ஆசிரியர். அதற்கும் முன், கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர். 1910இல் ராமானுஜன் தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டுப் போனது அவரிடம்தான். இவ்வளவும் நம் பஸ் ரூட்டுக்குள் நடந்தவை.

நண்பர்களே, நான் கேட்பது மூன்று பீரியட். ஆறாவது பாடத்தில் இரட்டை நேர்க்கோடுகளுக்கு வரும்போது, முதல் பீரியடில் சூத்திரம் இல்லாமல் காரணிப்படுத்தியே த-வைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்துக் கேளுங்கள். மூன்றாவதில் சூத்திரத்தைக் கொடுங்கள். பாஸ்கரரின் கணக்கையும் சிவசங்கரநாராயண பிள்ளையின் 9 − 8-ஐயும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த ரிவிஷன் டெஸ்டில் ய-வின் கெழுவைத் தெரியாததாக வைத்து ஒரு கேள்வி போடுங்கள். விடைக்குறிப்பில் இரண்டு மதிப்புகளையும் எழுதுங்கள். காரணிப்படுத்தி வந்த பிள்ளைக்கு, சூத்திரம் எழுதவில்லை என்று ஒரு மார்க்கும் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
சிதம்பரம்